நான் எழுதாமல் விட்ட வலது பக்கம்

1

சென்ற வாரம் வேலையிடத்தில் ஏச்சு வாங்கினேன். இருபது வயதில் வாங்கியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். நாற்பத்து மூன்றில் வாங்கியதால் கோப்பி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

நோர்வேயின் மேற்குக் கரையில், மழை பெய்யாத நாட்களை விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு சிறு நகரத்தில் இருக்கிறேன். ஆறு பேர் வாழும் ஒரு வீட்டில் எனக்கு வேலை. ஆறு பேரும் வளர்ந்தவர்கள். சிலருக்குப் பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைவு, ஒருவருக்கு விபத்தில் தலையில் அடி. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு சாவி, சமைக்க எல்லாருக்கும் பொதுவில் ஒரு குசினி. நாங்கள் மாறி மாறி நின்று, அவர்களால் முடியாததற்கு மட்டும் கைகொடுப்போம். முடிந்ததற்குக் கைகொடுத்தால் அது பிழை. நம்மவர்களுக்கு இதுதான் கடினம். ஒரு மனிதர் சப்பாத்து நாடாவோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முதல் ஆறு மாதமும் எனக்குச் சம்பளம் தந்தது கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகியதற்குத்தான்.

ரொல்ஃப் அங்கே மூத்தவர், ஐம்பத்தொரு வயது. வியாழக்கிழமைகளில் தனியே கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவார். சென்ற வியாழன் நான் குடையும் கையுமாக, அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். ஒரு மதிலோடு ஒளித்து நின்றபோது எங்கள் பொறுப்பாளர் இங்கிரிட் காரில் வந்து என்னைக் கண்டுவிட்டார். கண்ணாடியை இறக்கி, "வழி தவறிப் போகவும் அவருக்கு உரிமை இருக்கிறது. அதையும் நீ எடுத்துக்கொள்ளப் போகிறாயா?" என்று கேட்டார். நான் குடையோடு திரும்பி நடந்தேன்.

ரொல்ஃப் பாலோடு வந்து சேர்ந்துவிட்டார். எனக்கிருந்த பயம் ரொல்ஃபைப் பற்றியதல்ல. முல்லைத்தீவுக்குப் பக்கத்தில், தண்ணீரூற்றில், என் தம்பி நேசன் இருக்கிறான். அவன் தனியே வீதிக்குப் போகலாமா கூடாதா என்ற கேள்விக்கு இரண்டு தடவை நான் பதில் சொல்லியிருக்கிறேன். முதல் தடவை சொன்னது பிழை, அதைப் பிறகு நானே திருத்தினேன். இரண்டாவது தடவை சொல்லி இன்றைக்குப் பதினொரு நாள். அதற்குப் பிறகு ஊரோடு தொடர்பு இல்லை.

2

நேசனுக்கு மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. இப்போது முப்பத்தெட்டு வயது. பேச்சு ஐந்தாறு வயதுப் பிள்ளையின் பேச்சு, கை பெரிய ஆளின் கை. வருடத்தில் இரண்டு மூன்று முறை வலிப்பு வரும். அம்மா இருந்தவரை அவன் அம்மாவின் பாடு. அம்மாவுக்குப் பிறகு யார் பாடு என்று நான் அம்மாவிடம் கேட்டதில்லை. அம்மாவும் என்னிடம் சொன்னதில்லை. இருவரும் அந்தக் கேள்வியைத் தொடாமலேயே பத்து வருடம் தொலைபேசியில் பேசியிருக்கிறோம்.

பக்கத்து வளவு வீடு சுலைகா அக்காவுடையது. தொண்ணூறில் முஸ்லிம் சனம் முழுவதும் ஊரைவிட்டுப் போக நேர்ந்தபோது அவரும் கணவர் மஜீத் நானாவும் பிள்ளைகளோடு புத்தளத்துக்குப் போனவர்கள். சண்டை நின்று பாதை திறந்த பிறகு, 2003இல் திரும்பி வந்தார்கள். வந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றுக்குக் கட்டு இல்லை. கூரை போடும்வரை எங்கள் வீட்டின் பாதியில் இருந்தார்கள். அந்த இடைக்காலத்தில்தான் அம்மா படுத்தார். மூன்று மாதம் சுலைகா அக்காதான் தூக்கி இருத்தினார், துடைத்துவிட்டார். அம்மா செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குத்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

வவுனியாவில் நேசனைப் போன்றவர்களை வைத்துப் பார்க்கும் ஓர் இல்லத்தை விசாரித்துக்கொண்டுதான் போயிருந்தேன். சுலைகா அக்காவிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க கொண்டுபோகப் போறியள்?" என்று அவர் உண்மையிலேயே விளங்காமல் கேட்டார். "அவன் இஞ்சதானே இருக்கிறான்."

அவ்வளவுதான் நடந்தது. அவர்களுடைய வீட்டுக்குக் கூரை வந்ததும் நேசனின் பாயும் தலையணையும் அங்கே போயின. அவருடைய மகன்கள் கூப்பிடுவதைப் பார்த்து நேசனும் அவரை 'உம்மா' என்றான். லண்டனில் இருக்கும் எங்கள் பெரியம்மா மகனுக்கு இது பொறுக்கவில்லை. மாட்டிறைச்சி கொடுப்பார்களோ என்று என்னைத் தொலைபேசியில் பிடித்துக் குடைந்தான். வெள்ளிக்கிழமைகளில் நேசனுக்கு அங்கே மரக்கறிதான் என்றும், வற்றாப்பளைப் பொங்கலுக்கு மஜீத் நானாவே கூட்டிக்கொண்டு போய்க் கோயில் வீதியில் காத்து நின்று கூட்டிவந்தார் என்றும் சொன்னேன். அவனுக்கு அதுவும் பொறுக்கவில்லை. அவ்வளவு அக்கறை என்றால் லண்டனுக்கு எடுத்துக்கொள் என்றேன். பிறகு அவன் எடுப்பதில்லை, நேசனையும் சரி, தொலைபேசியையும் சரி.

மஜீத் நானா வீட்டோடு ஒரு சின்னப் பலசரக்குக் கடை போட்டார். ஒவ்வொரு பின்னேரமும் முள்ளியவளையில் உள்ள பேக்கரியிலிருந்து கடைக்குப் பாண் எடுத்து வருவது நேசனின் வேலையாயிற்று. பலகையில் 'வெதுப்பகம்' என்றுதான் எழுதியிருக்கும், சனத்தின் வாயில் அது பேக்கரிதான். நடந்தால் அரை மணி நேரத் தூரம். சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவான், ஆனால் ஏறமாட்டான். போகும்போதும் உருட்டல், வரும்போதும் உருட்டல். சைக்கிள்தான் நேசனைக் கூட்டிக்கொண்டு போகிறது என்று வீதியில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். இதெல்லாம் எனக்குத் தொலைபேசியில் வந்த கதை.

3

சுனாமி என்று கடல் ஊருக்குள் வந்த 2004 மார்கழியில் ஒன்பது நாள் தொடர்பு இல்லை. தண்ணீரூற்று கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது, அங்கே வராது என்று என் கணவர் வரைபடத்தை விரித்துக் காட்டினார். வரைபடம் எனக்கு எதற்கு? மஜீத் நானா சில ஞாயிறுகளில் நேசனை முல்லைத்தீவுக் கரைக்கு மீன் வாங்கக் கூட்டிப்போவது எனக்குத் தெரியும். கடல் வந்ததும் ஒரு ஞாயிறு காலையில்தான். பத்தாம் நாள் சுலைகா அக்காவின் குரல் கேட்டது. அன்றைக்கு நேசனுக்குத் தடிமன், மூக்கு ஒழுகியதால் இருவருமே போகவில்லையாம்.

ஒரு தடிமனில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது அவன் உயிர். அந்த எண்ணம் என்னை விடவில்லை. அடுத்த நாள் வேலையிடத்தில் ரொல்ஃபைப் பற்றிய கோப்பைத் திறந்தேன். அங்கே இருக்கும் ஆறு பேரில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் உண்டு. நடுவில் கோடு. இடது பக்கத்தில், என்ன ஆபத்து வரலாம். வலது பக்கத்தில், அப்படியிருந்தும் அவர் அதை எப்படிச் செய்வது. கோப்பி போடும்போது கை சுடலாம் என்று இடதில் இருந்தால், தண்ணீர் கொதித்ததும் தானாக நின்றுவிடும் கேத்தல் என்று வலதில் இருக்கும். வழி தவறலாம் என்றால் எதிரே, சட்டைப்பையில் முகவரி அட்டை, கடைக்காரருக்குத் தகவல், பிந்தினால் யார் தேடிப்போவது என்று மூன்று வரி.

அதைப் பார்த்து நேசனுக்கு ஒன்று எழுதினேன். இடது பக்கம் மளமளவென்று வந்தது. கிணறு, அடுப்பு, வீதி, வெயில், வலிப்பு, கடல். வலது பக்கத்துக்கு வந்ததும் பேனை நின்றது. தானாக நிற்கும் கேத்தலுக்குத் தண்ணீரூற்றில் எங்கே போவது? வலது பக்கத்தில் எழுத அங்கே ஒன்றுமே இல்லை என்று நினைத்தேன். அதனால் அதை விட்டுவிட்டு, இடது பக்கத்தை மட்டும் கட்டளையாக மாற்றினேன். கிணற்றடிக்கு விடக்கூடாது. குசினிக்குள் விடக்கூடாது. சைக்கிள் கொடுக்கக்கூடாது. வீட்டில் தனியே விட்டுவிட்டு யாரும் வெளியே போகக்கூடாது. மொத்தம் பத்தொன்பது. வேலையிடத்துத் தாளில், குண்டு குண்டான எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் பதவியும் போட்டு, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். பதவியை ஏன் போட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கை தன்பாட்டில் எழுதிவிட்டது.

மகள் துளசிக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் எழுதுவதை எட்டிப் பார்த்தாள். தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால் என்னவென்று கேட்டாள், சொன்னேன்.

"மாமாவிட்டக் கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டா அவருக்கு விளங்குமோ?"

"எனக்கும் நீங்க அப்பிடித்தான் சொல்லுறீங்க" என்று நோர்வே மொழியில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். வாய்க்காரி என்று நினைத்துக்கொண்டு உறையை ஒட்டினேன்.

4

ஆறு மாதம் கழித்து, 2005 ஆடியில் போனேன். துளசி வரவில்லை, அவளுக்குத் தோழிகளோடு கூடாரம் போட்டுத் தங்கும் முகாம்.

நேசன் விறாந்தையில் கதிரையில் இருந்தான். வெள்ளைச் சட்டை, வழித்த முகம், எண்ணெய் வைத்து இழுத்த தலை. நன்றாகப் பருத்திருந்தான். என்னைக் கண்டதும் எழும்பவில்லை, சிரித்தான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதல் இரண்டு நாளும் பெருமையாக இருந்தது. எவ்வளவு துப்புரவு, எவ்வளவு பாதுகாப்பு. அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் என் தாளைப் பசை பூசி ஒட்டியிருந்தார்கள். கடிதம் வந்த அன்று மஜீத் நானா தொழுகை முடிந்து வந்து, எல்லாரையும் இருத்தி, பத்தொன்பதையும் உரத்து வாசித்தாராம்.

மூன்றாம் நாள் காலை நேசன் கதிரையிலிருந்தபடி கையை உயர்த்தினான், பள்ளிக்கூடத்தில் போல. "உம்மா, தண்ணி குடிக்கலாமோ?"

குடம் அவனிடமிருந்து நான்கு அடி தூரத்தில் இருந்தது. சுலைகா அக்கா அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து வார்த்துக் கொடுத்தார். குசினிக்குள் விடக்கூடாது என்று எழுதியிருந்தேன் அல்லவா? குடம் குசினி வாசலில் இருந்தது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக என் கண்ணில் பட்டது. சைக்கிள் பின் தாழ்வாரத்தில் சங்கிலி போட்டு நின்றது. சுலைகா அக்காவின் காற்செருப்பு வெளியே போகும் அடையாளமே இல்லாமல் புதிதாக இருந்தது. வவுனியாவில் அவருடைய தங்கை மகளின் கலியாணத்துக்குக்கூட அவர் போகவில்லை. நேசனை விட்டுப் போகக்கூடாது என்று இருந்ததால் போகவில்லை.

"ஏனக்கா அவனை இப்பிடி இருத்தி வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன். கேட்ட விதம் நல்லதில்லை.

அவர் அலுமாரிப் பக்கம் கையைக் காட்டினார். "நீங்கள் எழுதினதுதானே தங்கச்சி."

எனக்கு முகம் கொதித்தது. அலுமாரியைத் திறந்து தாளை இழுத்தேன். பசை விடவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது. நகத்தால் சுரண்டிக்கொண்டே, இனி இது ஒன்றும் வேண்டாம், முந்தி மாதிரி அவனை விடுங்கோ என்றேன். அவர் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அவர் பயந்துபோனார்.

"நீங்கள் சொல்லிப்போட்டுப் போயிடுவியள்" என்றார். "விழுந்து கிழுந்தானெண்டா? எங்கட பிள்ளையெண்டா விதியெண்டு இருப்பம். இவன் உங்கட பிள்ளை. நாங்கள் பதின்மூண்டு வரியம் கழிச்சு ஊருக்கு வந்து இருக்கிற ஆக்கள். ஒரு தமிழ்ப் பிள்ளையை வைச்சு ஒழுங்காப் பாக்கேல்லையெண்டு ஒரு கதை வந்தா, பிறகு எங்க போறது? உங்கட கடிதம் வரமுந்தி எனக்கு இந்த யோசினை இல்லை. கடிதம் வந்தபிறகுதான் பயம் வந்தது."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். என் பயத்தை ஒரு உறையில் போட்டு ஒட்டி இந்த வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர்களோ தங்கள் பயத்தையும் அதோடு சேர்த்துக்கொண்டு, ஒரு சொல் முறுமுறுக்காமல் ஆறு மாதம் காவல் இருந்திருக்கிறார்கள்.

முள்ளியவளைக்கு நடந்து போனேன். பேக்கரிக்காரர் என்னைக் கண்டதும், நேசனுக்குச் சுகமில்லையோ என்றுதான் கேட்டார். முந்தி அவன் நாலரைக்கு வராவிட்டால் ஓர் ஆளை எதிரே அனுப்புவாராம். சுலைகா அக்கா அந்த வீதியில் எட்டு வீட்டுக்கும் போய், வலிப்பு வந்தால் எப்படிச் சரித்துப் படுக்க வைப்பது, எதை வாயில் வைக்கக்கூடாது என்று காட்டிக் கொடுத்திருந்தாராம். மூன்றாவது வீட்டில் இருந்த வாத்தியார் சம்சாரம் ஒருமுறை அவனைத் தன் மடியில் சரித்து வைத்துக்கொண்டு ஆள் அனுப்பியிருக்கிறார். என் தாளின் வலது பக்கத்தில் வர வேண்டியதெல்லாம் ஆளும் பேருமாக அந்த வீதியில் இருந்திருக்கிறது. நான் அதைப் பற்றி ஒருவரிடமும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

5

சுலைகா அக்காவுக்கு வாய்ச்சொல் போதவில்லை. எழுதித் தாங்கோ என்றார். இந்த முறை வெறும் கொப்பித் தாளில் ஒரு வசனம் எழுதினேன்: 'நேசன் வெளியே போய் ஏதும் நடந்தால் பொறுப்பு என்னுடையது, சுலைகா அக்காவையோ மஜீத் நானாவையோ ஒருவரும் கேட்கக்கூடாது.' மஜீத் நானா வாசித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்தார்.

நேசன் உடனே போய்விடவில்லை. சங்கிலியைக் கழற்றியதும் சைக்கிளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிக் கதிரைக்கு வந்துவிட்டான். அடுத்த நாள் வாசல் படலைவரை உருட்டினான். நாலாம் நாள் வீதிக்கு இறங்கி, என்னைத் திரும்பிப் பார்த்து, நான் ஏசவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு உள்ளே வந்தான். நான் புறப்படுவதற்கு முந்திய நாள் பின்னேரம் பெட்டியைத் தானே கட்டினான். போய்விட்டான்.

போகவும் வரவும் ஒரு மணி நேரம். நான் அவன் இருந்த கதிரையில் இருந்தேன். எழும்பிப் பின்னால் போகாதபடி கதிரையின் கைப்பிடி இரண்டையும் இறுக்கிப் பிடித்தேன். உழவு மெசின் ஒன்று போனது, என் நெஞ்சும் அதனோடு போனது. ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றேகால். சுலைகா அக்கா கடவுளை முணுமுணுத்தபடி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் எந்தக் கடவுளைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை, எல்லாரையும் கூப்பிட்டிருப்பேன்.

ஒன்றரை மணி நேரத்தில் சைக்கிள் வந்தது, பின்னால் அவன் வந்தான். நெற்றியெல்லாம் வியர்வை, சட்டையில் மாவு. ஆறு மாதம் காணாத சனம் ஒவ்வொரு படலையிலும் மறித்துக் கதைத்ததால்தான் பிந்தியிருக்கிறது. எனக்கு ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. அவன் என்னைத் தாண்டிப் போய்ப் பாண் பெட்டியைச் சுலைகா அக்காவின் முன்னால் வைத்தான். பிறகு, நான் அங்கே இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல், தணிந்த குரலில் கேட்டான்.

"உம்மா, அக்கா எப்ப போறா?"

அவர் அவன் வாயைப் பொத்தப் போனார். வேண்டாம் அக்கா என்றேன். அவன் கேட்டதில் பிழையில்லை. நான் போனால் சங்கிலி திரும்பி வராது என்று அவன் கணக்குப் பார்த்திருக்கிறான். விமானத்தில் ஏறி, பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் கடதாசிக் கைக்குட்டை நீட்டும் அளவுக்கு அழுதேன்.

6

சண்டை திரும்பவும் தொடங்கி, பாதை பூட்டி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. கோதுமை மா வருவது குறைவு. பேக்கரியில் பாண் போடும் நாட்களில் அது சொற்ப நேரத்தில் முடிந்துவிடும் என்று கேள்வி. முள்ளியவளைத் தொலைபேசிக் கடைக்குச் செவ்வாய் பின்னேரங்களில் சுலைகா அக்கா வந்து நிற்பார். எனக்கு அது மதிய இடைவேளை. தொடர்பு கிடைத்தால் நாலைந்து நிமிடம் பேசுவோம்.

பதினொரு நாளைக்கு முன்னர் கிடைத்தது. அவர் சுகம் விசாரிக்கவில்லை.

"தங்கச்சி, முந்தநாள் இஞ்சால கிபிர் பிளேன் வந்து சுத்தினது. குண்டு போடேல்லை, சுத்திப்போட்டுப் போயிட்டுது. இவரும் நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறம். நேசனைப் பாணுக்கு விடுறதோ, மறிக்கிறதோ? நீங்கள் சொல்லுங்கோ."

"அவன் எங்க?"

"இதில சைக்கிளோட நிக்கிறான்."

"அவனைக் கேட்டனீங்களோ?"

"குடுக்கிறன், நீங்களே கேளுங்கோ."

மூச்சு மட்டும் கேட்டது. நேசனுக்குத் தொலைபேசி என்றால் ஆள் இல்லாத குரல், பிடிக்காது.

"நேசன், கிபிர் வந்தா என்ன செய்வாய்?"

"குப்புறப் படுப்பன்."

"பிறகு?"

"பிறகு பாண்." கொஞ்சம் பொறுத்து, பெரிய மனிதர்கள் அவசரத்தில் சொல்வதுபோலச் சொன்னான். "அக்கா, நிக்கேலாது. பாண் முடிஞ்சுபோம்."

திரும்பவும் சுலைகா அக்காவின் குரல். "குடுத்திட்டுப் போறான் தங்கச்சி. மறிக்கட்டோ?"

இடைவேளை அறையில் நான் ஒருத்திதான் இருந்தேன். சுவரில் ஆறு பேருடைய தாள்களும் வரிசையாகத் தொங்கின, நடுவில் கோடு போட்டபடி. கிபிருக்கு எதிரே வலது பக்கத்தில் என்ன எழுதலாம்? அந்த எட்டு வீட்டுக்காரரும் பேக்கரிக்காரரும் வானத்தை என்ன செய்வார்கள்? மறியுங்கோ என்ற சொல் என் வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அவர் மறித்திருப்பார். சங்கிலியும் போட்டிருப்பார், நான் எடுக்கச் சொல்லும்வரை ஒரு நாளும் எடுத்திருக்கமாட்டார்.

"விடுங்கோ" என்றேன்.

"அல்லாட காவல்" என்றார். வைத்துவிட்டார்.

அடுத்த செவ்வாய் தொடர்பு இல்லை. கடை பூட்டோ, கம்பி அறுந்ததோ, என்னவோ தெரியாது. ஒவ்வொரு நாளும் அடிக்கிறேன். நேற்று துளசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது பதினைந்து வயது, தனியே பேருந்தில் போய்வருகிறாள், நான் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அழைக்கிறேன் என்று என் இலக்கத்தையே மௌனமாக்கி வைத்திருக்கிறாள். கேட்டுவிட்டு, "மாமாவைக் கேட்டுத்தானே சொன்னீங்க, அம்மா. அப்ப சரிதானே" என்றாள். பிறகு நெடுநேரம் கழித்து வந்து, "மாமா வந்திட்டாராமா?" என்று கேட்டாள்.

விடுங்கோ என்று நான் சொன்னது சரிதான் என்று எழுதுவதற்காகத்தான் இந்தக் குறிப்பைத் தொடங்கினேன். அந்த வரியை எங்கே போடலாம் என்று ஒவ்வொரு பகுதியிலும் இடம் பார்த்துக்கொண்டே இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். எழுத வரவில்லை. மறித்திருக்க வேண்டும் என்று எழுதவும் வரவில்லை.